காய் செய்யப் பால்மரம் போதுமா?

கேரம் காய் ஒன்றின் எடை 5 கிராமுக்குக் குறையக் கூடாது, 5.5 கிராமைத் தாண்டவும் கூடாது. குறுக்களவு 3.02 சென்டிமீட்டருக்கும் 3.18 சென்டிமீட்டருக்கும் நடுவே இருக்க வேண்டும். கனம் 7 மில்லிமீட்டரிலிருந்து 9 மில்லிமீட்டர் வரை. 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட அனைத்துலகக் கேரம் சம்மேளனம் வைத்திருக்கும் விதி இது. ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த எண்கள் தேவைப்படுவதில்லை. ஆனால் கையால் காய் செய்ய உட்காருகிறவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். காயின் அளவையும் எடையையும் ஆட்டம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. அந்த இரண்டுக்கும் பொருந்துகிற மரத்தைத் தேடுவதுதான் நம் வேலை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கையில் கிடைத்த பலகையை எடுத்துக்கொண்டு, இதில் என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள்.

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ், போர்ட்டிக்சன் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கையில் கிடைக்கும் பலகை பெரும்பாலும் பால்மரம், அதாவது ரப்பர் மரம்தான். செம்பனை வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்ட பிறகும் சிறு தோட்டங்களில் ரப்பர் நிற்கிறது. மறுநடவுக்காக மரம் சாயும்போது கட்டையும் கிடைக்கிறது. செம்பனையில் அந்த வசதி இல்லை. அது பனை இனம். அதன் தண்டு, மாவுபோன்ற மென்திசுவும் நடுநடுவே நாரும் சேர்ந்தது. சிறு காயாகக் கடைந்தால் நார் பிரிந்து உதிரும். ஆக, கேள்வி பால்மரத்தைப் பற்றியது: எந்த ஆட்டத்துக்கு அது போதும், எதற்குப் போதாது?

விறகாக இருந்த மரம்

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டு முறையைச் செம்மைப்படுத்தினார். அதற்குப் பிறகு நடந்தது தோட்டத்தில் வளர்ந்த நம் குடும்பங்களின் வரலாறு.

பால் வற்றிய மரத்தை 25, 30 ஆண்டுகளில் சாய்த்துவிடுவார்கள். நெடுங்காலம் அது வெறும் விறகுதான். ரப்பர்த் தாள்களைப் புகைக் கொட்டகையில் உலர்த்த எரித்தார்கள். செங்கல் சூளைக்கு அனுப்பினார்கள். 1967இல் பிறை நகரில் உற்பத்தியைத் தொடங்கிய மலாயவாத்தா இரும்பு ஆலையின் ஊதுலைக்கு ரப்பர் மரக் கரிதான் எரிபொருள். மேசை நாற்காலி செய்ய யாரும் இந்த மரத்தை நம்பவில்லை. காரணம் மரத்துக்குள்ளேயே இருந்தது.

தேக்கிலும் வேங்கையிலும் நடுவே வைரம் பாய்ந்திருக்கும். சுற்றிலும் வெளிறு இருக்கும். வைரப் பகுதியில் சேரும் கசப்பான பொருள்கள் பூச்சியையும் பூஞ்சையையும் அண்ட விடுவதில்லை. பால்மரத்தில் அப்படி வைரம் தனியாகப் பிரிந்து தெரிவதில்லை; மரம் முழுவதும் வெளிறுபோலத்தான். அதில் மாவுச்சத்தும் அதிகம். சாய்த்த சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலக் கறை படரும். பிறகு துளைவண்டு முட்டையிடும். புழு உள்ளிருந்து தின்றுகொண்டே வரும். வெளியே தெரிவது குண்டூசித் துளையும், அதிலிருந்து உதிரும் மெல்லிய மாவும் மட்டுமே. அந்த நிலையில் கட்டையைத் தட்டினாலே நொறுங்கும்.

கெப்போங்கில் உள்ள வன ஆய்வு நிலையமும் மர ஆலைகளும் இதற்கு ஒரு வழி கண்டன. அறுத்த பலகையை உடனே அழுத்தக் கலனில் வைத்து, போரிக் அமிலமும் வெங்காரமும் கலந்த கரைசலை மரத்துக்குள் செலுத்த வேண்டும். பிறகு சூளையில் உலர்த்த வேண்டும். 1970களின் இறுதியிலிருந்து மலேசிய மரச்சாமான்கள் ஏற்றுமதியில் ரப்பர் மரம் முன்னுக்கு வந்தது இந்த வழியால்தான். தாய்லாந்தின் திராங் நகரில் 1981இல் தொடங்கிய பிளான்டாய்ஸ் நிறுவனம், பால் வற்றிய ரப்பர் மரத்திலிருந்தே விளையாட்டுப் பொருள்கள் செய்கிறது.

இதிலிருந்து காய் செய்பவருக்குக் கிடைக்கும் முதல் விதி: வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் பச்சைக் கட்டையைத் தொடாதீர்கள். மரச்சாமான் பட்டறையில் மீந்துபோன, பதப்படுத்தி உலர்த்திய துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். காய்க்குத் தேவைப்படுவது உள்ளங்கை அகலத் துண்டுதான். பட்டறைக்கு அது கழிவு.

தராசின் தீர்ப்பு

இப்போது கேரம் காய்க்கே வருவோம். காற்றில் உலர்ந்த ரப்பர் மரத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 560 முதல் 650 கிலோகிராம். அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.56 முதல் 0.65 கிராம்.

குறுக்களவு 3.1 சென்டிமீட்டர், கனம் 8 மில்லிமீட்டர் உள்ள ஒரு நடுத்தரக் காயை எடுத்துக்கொள்வோம். ஆரம் 1.55. அதன் வர்க்கத்தைப் பையால் பெருக்கினால் முகத்தின் பரப்பு 7.55 சதுர சென்டிமீட்டர். அதை 0.8ஆல் பெருக்கினால் கன அளவு 6.04 கன சென்டிமீட்டர். ரப்பர் மரத்தில் அது 3.4 முதல் 3.9 கிராம்தான் இருக்கும். விதி கேட்பதோ 5 கிராம்.

சரி, விதி அனுமதிக்கும் மிகப் பெரிய காயைச் செய்து பார்க்கலாமா? 3.18 சென்டிமீட்டர் குறுக்களவு, 9 மில்லிமீட்டர் கனம் என்றால் கன அளவு 7.15. மிக அடர்ந்த ரப்பர் மரத்திலும் அது 4.65 கிராமைத் தாண்டாது. விளிம்பை உருட்டினால் இன்னும் குறையும். எப்படிச் செய்தாலும் பால்மரத்தில் விதிப்படியான கேரம் காய் வராது. கைத்திறன் எவ்வளவு இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் எந்த மரம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். நடுத்தரக் காய்க்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.83 முதல் 0.91 கிராம் அடர்த்தி தேவை. கெம்பாஸ் மரம் 0.77இல் தொடங்கி 1க்கு மேலும் போகும். தராசில் பார்த்துப் பொறுக்கினால் பொருத்தமான துண்டு கிடைக்கும். செங்கால் மரம் 0.92 முதல் 0.98 வரை. அதில் செய்தால் கனத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்: 3.1 சென்டிமீட்டர் குறுக்களவில் 7.3 மில்லிமீட்டர் கனம் வைத்தால் ஏறத்தாழ 5.2 கிராம் வரும். விதியின் மிகச் சிறிய அளவான 3.02 சென்டிமீட்டரையும் 7 மில்லிமீட்டரையும் பிடித்துக்கொண்டால், மரத்தின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியையே எட்ட வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்கும் மரம்தான் அதற்கு உதவும்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்? ஸ்டிரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம். அது 5 கிராம் காயை அடிக்கும்போது, காய் எவ்வளவு வேகமாகப் போகும், ஸ்டிரைக்கர் எவ்வளவு தூரம் பின்தொடரும் என்பதையெல்லாம் இந்த விகிதம்தான் முடிவு செய்கிறது. 3.5 கிராம் காய் பலகையில் பறக்கும். சட்டத்தில் பட்டுத் துள்ளும். ஆடுகிறவரின் கை பழகிய கணக்கு பிசகும். அளவிலும் இதே நுணுக்கம் உண்டு. குழியின் குறுக்களவு 4.45 சென்டிமீட்டர். காய் போனால் சுற்றிலும் இடம் இருக்கும். 4.13 சென்டிமீட்டர் வரை வரக்கூடிய ஸ்டிரைக்கரும் அதே குழிக்குள் விழும். இடைவெளி 3 மில்லிமீட்டர் சொச்சம்தான். ஸ்டிரைக்கர் விழும் தப்பு ஆட்டத்தில் இருக்க வேண்டும், ஆனால் எளிதில் நேரக் கூடாது. அதற்கு ஏற்ற இடைவெளி அது.

மரம் எந்தப் பக்கம் சுருங்கும்

எல்லா மரமும் உலரும்போது சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. நீளவாக்கில் சுருக்கம் மிகவும் குறைவு. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ரப்பர் மரம் சுமார் 0.8 விழுக்காடு சுருங்குகிறது. வளையத்தைச் சுற்றிய திசையில் சுமார் 1.9 விழுக்காடு. மற்ற பல மரங்களோடு பார்த்தால் இது குறைவுதான். பால்மரத்தின் பெரிய நற்குணமும் இதுவே. ஆனாலும் இரண்டு திசைக்கும் உள்ள வேறுபாடு காயில் தெரியும். பச்சையாக இருக்கும்போது 31 மில்லிமீட்டர் வட்டமாகக் கடைந்த காய், உலர்ந்த பிறகு ஒரு பக்கம் 0.25 மில்லிமீட்டரும் இன்னொரு பக்கம் 0.6 மில்லிமீட்டரும் குறையும். கண்ணுக்கு வட்டம்போலத்தான் இருக்கும். வெர்னியர் அளவுகோலை வைத்தால் முட்டை வடிவம் தெரியும்.

கிளையைக் குறுக்கே வாழைக்காய் வறுவலுக்கு அரிவதுபோல் அரிந்து காய் செய்யும் ஆசை பலருக்கு வரும். பட்டையோடு பார்க்க அழகாகவும் இருக்கும். ஒரு வாரத்தில் அதில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஆப்பு வடிவ வெடிப்பு விழும். சுற்றுத் திசையில் அதிகமாகச் சுருங்க வேண்டியிருக்கிறது; வட்டம் அதற்கு இடம் கொடுக்க மறுக்கிறது; இழுவை தாங்காமல் மரம் பிளக்கிறது. நன்றாக உலர்ந்த பலகையில், மரத்தின் நடுத்தண்டைத் தவிர்த்துவிட்டுக் காய் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வட்டக் காயை எடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மரத்தை நீளக் கோலாகக் கடைந்து, துண்டு துண்டாக நறுக்குவது. அப்போது நார்கள் காயின் மேல்முகத்திலிருந்து கீழ்முகத்துக்கு நிற்கும். வேலை விரைவாக முடியும். எல்லாக் காயும் ஒரே வட்டமாக வரும். ஆனால் 5 மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக நறுக்கினால் காய் கையிலேயே முறியும். முகத்தில் சாயமும் மெருகும் ஆழமாக இறங்கி இருண்டுபோகும். இன்னொன்று, பலகையின் மேல்முகத்திலிருந்து வட்டமாகத் துளையிட்டு எடுப்பது. நார்கள் காயின் முகத்தில் படுத்திருக்கும். ரேகை அழகாகத் தெரியும். மெல்லிய காயும் தாங்கும். விளிம்பைத் தேய்க்கத்தான் கூடுதல் நேரம் ஆகும்.

2000இல் ஜெர்மனியில் வெளிவந்த கார்கசோன் ஆட்டத்தால் உலகெங்கும் பரவிய மனித உருவ மரக்காய்கள் முதல் வழியில் வருபவை. நீண்ட சட்டத்தை மனித உருவக் குறுக்குவெட்டாக இழைத்து, பிறகு நறுக்குகிறார்கள். அவை ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் உயரமும் 10 மில்லிமீட்டர் கனமுமாக இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. நார் குட்டையாக நிற்கும் காய்க்கு அந்தக் கனம் தேவை.

பலகை பொறுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். பால் வெட்டியவர்களுக்குத் தெரியும்: உளி பட்டைக்குள் அளவோடு நின்றால் பட்டை சமமாக வளர்ந்து மூடும், ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும். அடிமரப் பலகையில் கோணல் ரேகையும் உள்ளே புதைந்த கறுத்த பட்டைத் துணுக்கும் தெரிந்தால் அது பழைய உளிக்காயம். அலங்காரத் தட்டுக்கு அந்தத் துண்டு அழகு சேர்க்கும். காய்க்கு ஆகாது, கடையும்போது அங்கேதான் பெயரும்.

சதுரங்கம்: பால்மரத்தின் களம்

கேரத்தில் தோற்ற பால்மரம் சதுரங்கத்தில் ஜெயிக்கிறது. இங்கே எடைக்கு விதி கிடையாது. உயரத்துக்கும் அடிப்பாகத்துக்கும்தான் அளவு. உலகச் சதுரங்கச் சம்மேளனமான பிடே பரிந்துரைக்கும் உயரங்கள்: ராஜா 9.5 சென்டிமீட்டர், ராணி 8.5, மந்திரி 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5. அடிப்பாகத்தின் குறுக்களவு உயரத்தில் 40 முதல் 50 விழுக்காடு. கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 சென்டிமீட்டர். சிப்பாயின் அடிப்பாகத்தைப் போலக் குறைந்தது இரண்டு மடங்காகக் கட்டத்தின் பக்கம் இருப்பது நல்லது என்றும் சொல்கிறார்கள். அதாவது நான்கு சிப்பாய்களை ஒரே கட்டத்தில் சரியாக நிறுத்த முடியும். பலகையை முதலில் செய்தவர்கள் இந்தச் சோதனையைக் காகிதத்தில் வட்டம் வெட்டியே செய்து பார்த்துவிடலாம். 5.5 சென்டிமீட்டர் கட்டம் என்றால் சிப்பாயின் அடி 2.75ஐத் தாண்டக் கூடாது.

இன்று போட்டிகளில் ஆடும் ஸ்டான்டன் வடிவக் காய்களை 1849இல் லண்டன் ஜாக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நல்ல காய்கள் பாக்ஸ்வுட்டிலும் கருங்காலியிலும் கடையப்பட்டன. இரண்டும் நெருங்கிய நுண்ணிய நார் கொண்ட கனமான மரங்கள். குதிரையின் பிடரி மயிரைக்கூட உளியால் கீறலாம். பால்மரத்தில் கண்ணுக்குத் தெரியும் துளைக்கோடுகள் ஓடும். அதனால் மெல்லிய நுனிகளைத் தவிருங்கள். ராஜாவின் கிரீடத்துக்கு மேல் நிற்கும் உறுப்பும் யானையின் பல் வெட்டும் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். குதிரையைத் தட்டையான முகங்களாகச் செதுக்கினால் மரத்தோடு சண்டை போட வேண்டியதில்லை.

எடை போதாது என்ற குறையை அடியில் தீர்க்கலாம். அடிப்பாகத்தில் குழி துளைத்து, இரும்பு வில்லையோ நட்டோ வைத்துப் பசையால் அடைத்து, மேலே கம்பளித் துணி ஒட்டுங்கள். ஈயம் வேண்டாம், அது நஞ்சு. காய் எளிதில் சாயாமல் நிற்பதற்கு மொத்த எடையைவிட எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். அடியில் 20 கிராம் இரும்பு சேர்த்த இலேசான ராஜா, அதே எடையில் ஒரே மரமாக உள்ள ராஜாவைவிட உறுதியாக நிற்கும்.

நம் வீட்டு ஆட்டங்கள்

ஆடுபுலி ஆட்டத்துக்கு 3 புலி, 15 ஆடு. பலகையில் 23 புள்ளிகள். கோடுகள் உச்சியில் ஒரு புள்ளியிலிருந்து விரிவதால், முதல் குறுக்குக் கோட்டில் புள்ளிகள் நெருங்கியிருக்கும். காயின் அளவை அந்த மிக நெருங்கிய இரண்டு புள்ளிகள்தான் தீர்மானிக்கின்றன. அங்கே இடைவெளி 3.5 சென்டிமீட்டர் என்றால், விரல் நுழைய 1.5 சென்டிமீட்டரை விட்டுவிட்டு, ஆட்டுக் காயை 2 சென்டிமீட்டர் வைக்கலாம். புலியை அகலமாக்கினால் நெரிசல் வரும், உயரமாக்குங்கள். மங்கிய வெளிச்சத்திலும் கண் உடனே புலியைப் பிடித்துவிடும்.

தாயக்கட்டையில் கவனிக்க வேண்டியது வேறு. நீளக் கட்டையை மரத்தின் நீளவாக்கில்தான் வெட்ட வேண்டும். குறுக்குவெட்டு துல்லியமான சதுரமாக இருந்தால்தான் நான்கு முகமும் சம வாய்ப்போடு விழும். உலராத மரத்தில் வெட்டினால் சதுரம் செவ்வகமாகும். வளையங்கள் மூலைக்கு மூலை ஓடினால் சாய்சதுரமாகும். ஒரு எண் அடிக்கடி விழ ஆரம்பித்தால் ஆட்டக்காரரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் மரத்தைச் சந்தேகியுங்கள்.

மலேசியக் கடைத்தெருக்களில் ஆடும் தாம் ஆட்டத்துக்கு 12க்கு 12 கட்டம். ஒரு பக்கத்துக்கு 30 காய்கள். சோடாப் புட்டி மூடிகளை வைத்தே பலரும் ஆடுகிறார்கள். மூடியின் அகலம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். அதையே அளவாகக் கொண்டு 4 சென்டிமீட்டர் கட்டம் போட்டால் பலகை 48 சென்டிமீட்டரில் அடங்கும். காயின் மேல் காயை அடுக்கி ராஜா ஆக்குவதால் இரு முகமும் தட்டையாக இருக்க வேண்டும். 60 காய்களுக்கும் பால்மரமே போதும்.

பல்லாங்குழிக்கும் மலாய்க்காரர்களின் சொங்காக்குக்கும் காய் கடைய வேண்டியதே இல்லை. புளியங்கொட்டை, மஞ்சாடி, சோழி எல்லாம் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ரப்பர் விதையும் உண்டு. பளபளப்பான புள்ளி போட்ட ஓடு, எந்த மெருகுக்கும் குறையாது. ஆனால் 98 விதைகள் புழங்கும் சொங்காக்கில் ஒரு கிடங்குக் குழியில் 50 விதைகள் சேரலாம். ரப்பர் விதை என்றால் குழி பெரிய கிண்ணமாகவே ஆகிவிடும். பச்சை விதையின் பருப்பில் சயனைடு தரும் நச்சும் இருக்கிறது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

சிறு பிள்ளைகளும் மெருகும்

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க உலகெங்கும் ஒரு குழாய் பயன்படுகிறது. அதன் வாய் 31.7 மில்லிமீட்டர், ஆழம் சரிவாக 25.4 முதல் 57.1 மில்லிமீட்டர் வரை. அதற்குள் முழுவதும் அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கக்கூடும். கேரம் காய் ஏறத்தாழ அந்த வாயின் அளவே. பெரியவர்களின் கைக்கு மிகப் பொருத்தமான காய், சின்னஞ்சிறுசுகளுக்கு ஆபத்தான அளவு. அவர்களுக்குச் செய்தால் எந்தப் பக்கம் அளந்தாலும் 4.5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். இங்கே பால்மரத்தின் இலேசான எடை நன்மையாகிவிடுகிறது.

உப்புத்தாளில் 120, 240, 400 என்று படிப்படியாகத் தேய்க்கலாம். பால்மரத்தில் சில இடங்களில் நார் பஞ்சுபோல எழும்பும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழுந்த நாரை உலர விட்டு மறுபடி தேய்த்தால் அடங்கும். போரான் செலுத்திய மரம் என்பதால் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். வாயில் வைக்கும் பிள்ளைகளுக்கான காயை அரக்கு மெருகால் முழுவதும் மூடிவிடுங்கள். வெளிர் மரமாதலால் சாயம் நன்றாகப் பிடிக்கும். இரு அணிக்கும் சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் மாற்றாமல் ஒன்றை வெளிராகவும் ஒன்றை அடர்த்தியாகவும் வையுங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவரும் ஆடலாம்.

ஒரு ஆட்டத்துக்கான எல்லாக் காய்களையும் ஒரே பலகையிலிருந்து எடுப்பது நல்லது. முதலில் ஒரே ஒரு காயைச் செய்து, 0.1 கிராம் காட்டும் சிறு மின்தராசில் வைத்து, ஆட்டத்துப் பலகையில் நகர்த்திப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடங்குங்கள். பக்கத்துக்கு இரண்டு காய் கூடுதலாகச் செய்து அதே பெட்டியில் போட்டுவையுங்கள். தொலைந்த காய்க்குப் பதில் ஐந்து வருடம் கழித்து வேறு பலகையில் செய்தால் நிறமும் எடையும் ஒத்துவராது. பெட்டியிலேயே கிடந்த காயோ மற்றவற்றோடு சேர்ந்தே உலர்ந்து, சேர்ந்தே பழுத்திருக்கும்.